தசமபாகத்தை ஒரு விதவைக்குக் கொடுக்கலாமா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் சம்பளம் 18,000 ரூபாய். மாதாமாதம் அதில் பத்தில் ஒரு பங்கான 1,800 ரூபாயைத் தசமபாகமாகக் கவரில் போட்டு வேதாகமத்துக்குள் வைத்து, முதல் ஞாயிறு காணிக்கைப் பையில் போட்டுவிடுவேன். இந்த மாதக் கவர் இன்னும் அங்கேயே இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா கணவரை இழந்தவர். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கம்மலையும் அடகு வைத்துவிட்டார். காதில் ஈர்க்குச்சி செருகியிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

மல்கியா 3:10 தசமபாகத்தை ஆலயப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்கிறது. உபாகமம் 14:28-29-லோ மூன்றாம் வருடத் தசமபாகத்தில் ஆலயப் பணி செய்யும் லேவியனோடு பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் பங்கு இருக்கிறது. அப்படியானால் இந்தக் கவரை அக்காவுக்கே கொடுக்கலாமா? உங்கள் சபைகளில் எப்படிச் செய்கிறீர்கள்? அப்புறம், அவர் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ள என்ன வழி? ஞாயிறுக்குள் சொன்னால் நல்லது.