அவசரமாகப் போட்ட ட்ராயிங்: செலவு எங்கே போய் விழுகிறது?

தொடங்கியவர் (ட்ராயிங் செக்கர்)

"நாளைக் காலையில் ட்ராயிங் வேண்டும்" என்று விரட்டி வாங்கும் வேலைகளில் மிச்சமாவது அரை நாளோ ஒரு நாளோதான். அதற்குக் கொடுக்கும் விலை ட்ராயிங் ஆபீஸ் கணக்கில் ஏறுவதே இல்லை. சைட்டில் ஆள்கூலியாக, மெஷின் ஷாப்பில் ஸ்கிராப்பாக, அசெம்பிளியில் ராவி உட்கார வைக்கும் வேலையாக வேறு வேறு தலைப்பில் அது எழுதப்பட்டுவிடும். வரைந்தவர் காதுக்குச் செய்தி வராததால் அடுத்த ட்ராயிங்கிலும் அதே தப்பு வருகிறது. அவரவர் துறையில் பார்த்ததை அளவோடு எழுதுங்கள். யார் செய்தது என்பது வேண்டாம். எந்த அளவு, எங்கே தப்பியது, எப்படிப் பிடித்திருக்கலாம் என்பது போதும்.

கட்டட வரைவாளர்

மாடிப்படியிலிருந்து ஆரம்பிக்கிறேன். தளத்துக்குத் தளம் 3000 மி.மீ., 20 படி, ஒவ்வொன்றும் 150. பிளானில் (மேலிருந்து பார்க்கும் வரைபடம்) இவ்வளவையும் போட்டுவிட்டு, பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் செக்‌ஷன் வரையாமல் அனுப்பினால், சென்டரிங் (காங்கிரீட் ஊற்றும் அச்சு) அடிக்கும் ஆள் காங்கிரீட்டிலேயே எல்லாப் படியையும் 150 வைத்து அடித்துவிடுவார். அவர் மேல் குற்றமே இல்லை.

பிறகு அறைத் தரையில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 75 மி.மீ. ஏறும். படியின் மேல் கிரானைட்டும் அதன் கலவையும் சேர்ந்து 40 மி.மீ.தான் ஏறும். இப்போது கணக்குப் போடுங்கள். கீழ்ப்படி 150 + 40 − 75 = 115. மேல்படி 150 + 75 − 40 = 185. நடுவில் உள்ளவை மட்டும் 150. பழகிய காலடி 150-ஐ எதிர்பார்த்துத் தூக்கும்போது கடைசிப் படியில் கட்டைவிரல் இடிக்கும். இறங்கும்போது அடிப்படியில் கால் சட்டென்று தரையில் மோதும். வயதானவர்கள் விழுவது இந்த இரண்டு இடத்தில்தான்.

சரியான வழி, முடிந்த தரை மட்டத்தை முதலில் கோடு போட்டுக்கொண்டு, அதிலிருந்து கீழே இறங்கி காங்கிரீட் மட்டத்தை எழுதுவது. மேலே சொன்ன கணக்கில் காங்கிரீட்டின் முதல் படி 185, கடைசிப் படி 115 என்று செக்‌ஷனில் தனியாகக் குறிக்க வேண்டும். பார்க்கத் தப்பு மாதிரி தெரியும் என்பதால் பக்கத்திலேயே 'தரைப் பூச்சுக்குப் பின் எல்லாம் 150' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மேஸ்திரி நல்லெண்ணத்தில் அதைச் சமமாக்கிவிடுவார். காங்கிரீட் போட்ட பிறகு கண்டுபிடித்தால் படி முழுக்கக் கலவையால் மட்டம் ஏற்ற வேண்டும், கைப்பிடி உயரமும் மாறும்.

பாத்ரூமிலும் இதே கதைதான். எஸ்-டிராப் க்ளோசெட்டுக்கு (கழிவு தரை வழியாக இறங்கும் வகை) சுவரிலிருந்து பைப் நடு வரை 300 மி.மீ. என்றால் அது டைல் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. ட்ராயிங்கில் செங்கல் சுவரிலிருந்து அளவு கொடுத்தால் பூச்சும் டைலும் 30 மி.மீ. வரை தின்றுவிடும், டேங்க் சுவரில் முட்டும். 110 மி.மீ. பைப்புக்கு ஸ்லாப் போடும் முன் ஒரு துண்டு பைப்பை ஸ்லீவாக வைத்தால் வேலை முடிந்தது. விட்டுப்போனால் கோர் கட்டிங், அதாவது ஸ்லாபை மெஷினால் துளைப்பது. பைப் போகும் இடத்தில் பீம் இருந்தால் அதுவும் முடியாது, லைனையே திருப்ப வேண்டும்.

ஷீட் மெட்டல் டிசைன்

எங்கள் துறையில் பணம் ஒழுகும் இடம் பெண்டிங். 90 டிகிரி வளைவு தின்னும் நீளம் 1.57 × (உள் ஆரம் + கே × தடிமன்). கே என்பது கே-ஃபாக்டர்: வளைக்கும்போது நீளம் மாறாத கோடு, தடிமனில் எத்தனை பங்கு உள்ளே இருக்கிறது என்ற எண். 2 மி.மீ. தகடு, உள் ஆரம் 2 என்று வைத்துக்கொள்வோம். கே-ஃபாக்டர் 0.33 என்றால் 4.18, 0.44 என்றால் 4.52. ஒரு வளைவுக்கு 0.34 மி.மீ. பெரிதாகத் தெரியாது. நாலு வளைவு உள்ள பெட்டியில் 1.4 மி.மீ. ஆகிவிடும், மூடியின் ஸ்க்ரூ துளை ஒன்றுமே சேராது. சாஃப்ட்வேரில் ஏற்கெனவே இருந்த மதிப்பை அப்படியே விட்டு ஃப்ளாட் பேட்டர்ன் (வளைக்கும் முன் வெட்டும் தட்டை வடிவம்) எடுப்பதால் வருவது இது.

ஏர் பெண்டிங்கில் (தகடு அச்சின் அடியைத் தொடாமல் வளைக்கும் முறை) உள் ஆரத்தை ட்ராயிங் முடிவு செய்வதில்லை. கீழே போடும் வி-டையின் (வி வடிவப் பள்ளம் உள்ள அச்சு) அகலம்தான் முடிவு செய்கிறது. ஆகவே எந்தக் கடையில் வளைக்கப் போகிறார்களோ அங்கேயே, அதே தகட்டில் 100 மி.மீ. நீளத் துண்டு வெட்டி நடுவில் 90 டிகிரி வளைத்து, இரண்டு கையின் வெளி அளவையும் எடுங்கள். 51.8-ம் 51.7-ம் வந்தால் கூட்டுத்தொகை 103.5. வெட்டியது 100 என்பதால், வெளி அளவுகளின் கூட்டுத்தொகையில் ஒரு வளைவுக்குக் கழிக்க வேண்டியது 3.5. இந்த ஒரு எண்ணைப் போட்டு ஃப்ளாட் எடுத்தால் போதும்.

16 மி.மீ. வி-டை என்றால் வளைவுக் கோட்டிலிருந்து 8 மி.மீ.க்குள் துளை வைக்காதீர்கள். அது டையின் வாய்க்கு மேல் நிற்கும், முட்டை வடிவமாக இழுபடும்.

லேசர் கட்டிங்

மேலே எழுதியவருக்கு ஒரு சேர்க்கை. பழைய ஃபைலைக் காப்பி செய்து, கோட்டை மாற்றாமல் டைமென்ஷன் எழுத்தை மட்டும் 437-லிருந்து 450 என்று தட்டிவிடுகிறார்கள். பிரிண்டில் 450 சரியாகவே இருக்கும். மெஷின் எழுத்தைப் படிக்காது, டிஎக்ஸ்எஃப் (மெஷினுக்குப் போகும் ட்ராயிங் ஃபைல்) கோட்டைத்தான் வெட்டும். வந்து சேருவது 437. ஆட்டோகேடில் அனுப்பும் முன் 'டிம்ரீஅசோக்' ஓட்டினால் கையால் தட்டிய எண்கள் எல்லாம் உண்மை அளவுக்குத் திரும்பும். எங்கே எண் மாறுகிறதோ அங்கே தப்பு. 'ஓவர்கில்' ஓட்டினால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகள் போகும். இல்லாவிட்டால் ஒரே கோட்டை லேசர் இரண்டு முறை வெட்டி ஓரத்தைக் கருக்கும்.

மெஷின் ஷாப் பிளானிங்

ஓரத்திலிருந்து 40, பிறகு 50, 50, 50, 50 என்று ஐந்து துளைகளுக்குச் சங்கிலியாக, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அளவு போட்ட தட்டு. பொது டாலரன்ஸ் (அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) ஐஎஸ்ஓ 2768 மீடியம். இந்த நீளங்களுக்கு அது ±0.3. ஓரத்திலிருந்து ஐந்தாவது துளை ±1.5 வரை போகலாம், ட்ராயிங்படி அது பாஸ். எதிர்த்தட்டில் எம்8 (8 மி.மீ.) போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை என்றால் விலக இடம் பக்கத்துக்கு 0.5 மட்டுமே. முதல் துளையை ஆதாரமாக வைத்து மற்ற நாலையும் அங்கிருந்தே அளந்து ±0.1 எழுதினால் முடிந்தது.

இதைவிட என்னை உறுத்துவது தலைகீழ்த் தப்பு. யோசிக்க நேரமில்லை என்று 'பாதுகாப்புக்காக' எல்லாத் துளைக்கும் எச்7 என்ற நுணுக்கமான டாலரன்ஸ் போடுவது. 20 மி.மீ. துளைக்கு எச்7 என்றால் 0 முதல் +0.021 வரைதான். ட்ரில், அதன்பின் துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர், அதன்பின் அளவு பார்க்கும் பிளக் கேஜ். அங்கே வெறும் கேபிள் போகப் போகிறது என்றால் ஒரே ட்ரில்லில் விட்டிருக்கலாம். துளை சேராவிட்டால் போன் வரும். இதில் பார்ட் அருமையாகச் சேர்வதால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு லாட்டிலும் கூடுதல் காசு போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொன்று: அடைபட்ட துளையில் எம்8 த்ரெட் ஆழம் 16, ட்ரில் ஆழமும் 16 என்று எழுதாதீர்கள். டேப்பின் (த்ரெட் வெட்டும் கருவி) நுனிக்கும் சுருளுக்கும் இடம் வேண்டும். 6.8 ட்ரில் 22 ஆழம் கொடுங்கள். இல்லையேல் டேப் உள்ளேயே முறியும்.

ஸ்ட்ரக்சுரல் ஸ்டீல்

காசோடு போனவை மேலே உள்ளவை. உயிர் போனது 1981 ஜூலை 17, அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், ஹையாட் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாலங்களில். 114 பேர் இறந்தார்கள். முதல் டிசைனில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி மேல் பாலம் வழியாகக் கீழ்ப் பாலம் வரை இறங்கியது. அதைச் செய்வது சிரமம் என்று இரண்டு கம்பியாக மாற்றினார்கள். மேல் பாலம் கூரையில் தொங்கியது, கீழ்ப் பாலம் மேல் பாலத்தின் பீமில் தொங்கியது. மேல் பீமின் நட்டுக்கு இப்போது இரண்டு பாலத்தின் சுமை. ஷாப் ட்ராயிங்கில் (தயாரிப்பவர் போடும் விவர வரைபடம்) இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. அந்த இணைப்புக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமலே ஒப்புதல் முத்திரை விழுந்தது. முதல் டிசைனே சட்டவிதி கேட்ட பலத்துக்குக் குறைவு என்பதும் விசாரணையில்தான் தெரிந்தது. 'சும்மா சின்ன மாற்றம்' என்று வரும் ஷாப் ட்ராயிங்கில் சுமை எந்த வழியாக இறங்குகிறது என்று விரலால் தடவிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து.

தொடங்கியவர்

நிஜமாகவே நேரமில்லாதபோது என்ன செய்வது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். முழு ட்ராயிங்கையும் அரைகுறையாக அனுப்பாமல், முடிவானதை மட்டும் ரிலீஸ் செய்யுங்கள். பம்ப் ஃபவுண்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப் கம்பெனியின் ட்ராயிங் இன்னும் வரவில்லை, சைட்டில் காங்கிரீட் வண்டி நிற்கிறது. பிளாக்கின் நீளம் அகலத்தை சற்றுத் தாராளமாக வைத்து, ஆழத்தையும் கம்பியையும் கொடுத்துவிடலாம். போல்ட் இடங்களைச் சுற்றி மேகக்கோடு போட்டு 'ஹோல்டு' (இன்னும் முடிவாகவில்லை) என்று எழுதி, அங்கே போல்ட்டுக்குப் பதில் 100 × 100 பாக்கெட் (குழி) விடச் சொல்லுங்கள். பம்ப் ட்ராயிங் வந்ததும் பாக்கெட் இடம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, போல்ட்டை நிறுத்தி கிரௌட் (குழியை நிரப்பும் கலவை) ஊற்றிக்கொள்ளலாம். ஹோல்டு எடுத்த தேதியும் ரிவிஷன் எண்ணும் டைட்டில் பிளாக்கில் ஏற வேண்டும். சைட்டில் இருக்கும் பழைய பிரிண்டைக் கையில் வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுக்க வேண்டும்.