மறுமொழி: மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவிலுள்ள நிலைக்குச் சொல்

> 'இடைநிலை' என்றே வைத்துவிடலாமே, ஐயா? எளிதாக இருக்கிறதே.

நம் கலைச்சொல் பட்டியலில், இறந்தவர் உயிர்த்தெழும்வரை இருக்கும் நிலைக்கு 'இடைநிலை' என்பது எளிதுதான். ஆனால் ஒரு சொல்லின் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்கும் இடைநிலைதான் இலக்கணம் படித்தவர் நினைவுக்கு முதலில் வரும். தலைப்பில் தனியாக நின்றால் பொருள் துலங்காது.

'பாதாளம்' போதும் என்று இந்த இழையில் ஓர் அம்மையார் எழுதியிருந்தார். லூக்கா 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஐசுவரியவான் பாதாளத்தில் வேதனைப்படுகிறான். ஏழை லாசருவோ ஆபிரகாமின் மடியில் ஆறுதலாக இருக்கிறான். இருவரும் இறந்தவர்கள், இருவருக்கும் உயிர்த்தெழுதல் இனிமேல்தான். நமக்கு வேண்டிய சொல் இருவரையும் அடக்க வேண்டும். தவிர, வெளிப்படுத்தல் 20:14-இல் மரணமும் பாதாளமுமே அக்கினிக்கடலில், அதாவது நரகத்தில், தள்ளப்படுகின்றன. பாதாளத்துக்கு முடிவு உண்டு. அதை நரகத்தோடு ஒன்றாக்கிப் பேசும் வழக்கத்தை இந்தக் கலைச்சொல் பட்டியலிலாவது நாம் விட்டுவிட வேண்டும்.

'உத்தரிப்பு நிலை'யை நான் ஏற்க மாட்டேன். இறந்தவரின் ஆன்மா விண்ணகம் சேருமுன் தூய்மை பெறுகிறது என்பதே உத்தரிப்பு; அது 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) உறுதிசெய்த கத்தோலிக்கப் படிப்பினைக்கு உரியது; சீர்திருத்தத் திருச்சபைகள் அதை மறுக்கின்றன. ஒரு தரப்பின் விடையையே கேள்விக்குப் பெயராக வைப்பது நியாயமாகாது.

'காத்திருப்பு நிலை' அழகான சொல்தான், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் இறந்தவர் உணர்வின்றி உறங்குகிறார் என்பது ஏழாம் நாள் அட்வெந்து சபையாரின் நம்பிக்கை. உறங்குபவர் எப்படிக் காத்திருப்பார்? மறுபுறம், தூய்மையடைந்த ஆன்மாக்கள் பொதுத்தீர்வைக்கு (உலக முடிவில் வரும் தீர்ப்புக்கு) முன்பே இறைவனை நேரில் காண்கின்றன என்று 1336-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட் வரையறுத்தார். இறைவனையே கண்டுகொண்டிருப்பவரைக் 'காத்திருப்பவர்' என்று மட்டும் சொன்னால் குறைபடும்.

ஆகவே என் முன்மொழிவு: 'இடைப்படுநிலை'. வினைத்தொகை, காலம் காட்டாது. உறக்கமா, விழிப்பா, இன்பமா, வேதனையா என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாது. 'உத்தரிப்புத் தலம்' என்பதுபோல் 'தலம்' என்று முடியாமல் 'நிலை' என்று முடிவதும் பொருத்தமே. உத்தரிப்பு என்பது ஓர் இடமன்று, ஒரு நிலை என்று 1999-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் விளக்கினார்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: "ஆன்மா உறங்குகிறது என்ற கருத்தை மறுத்த சீர்திருத்தத் தலைவர் கால்வின், இடைப்படுநிலையில் ஆன்மா விழித்திருக்கிறது என வாதிட்டார்." உறுத்தாமல் நிற்கிறது.

'படு' என்பது இங்கே இறப்பைச் சுட்டுவதாக யாருக்கேனும் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ஆன்மா உறங்குகிறது என்ற கருத்துக்குரிய 'ஆன்மத் துயில்' என்ற சொல் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்