புதுப்பிப்பு: ஐ.நா. தொண்டராக அறிக்கையிடல் பணிக்குத் தெரிவானேன்

கிளிநொச்சியில் மீள்குடியேற்ற வேலைகளில் அறிக்கை எழுதிய அனுபவம், ஐ.நா. அமைதிப் பணியொன்றில் தகவல், அறிக்கையிடல் அலுவலராகத் தொண்டாற்றப் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தென் சூடானுக்குத் தெரிவாகிவிட்டேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, கண்டதையும் கேட்டதையும் உறுதிசெய்ததையும் வேறுவேறாக எழுதிப் பழகச் சொன்ன முல்லைத்தீவு அண்ணாவின் ஆலோசனைதான். எழுத்துத் தேர்வில், ஒன்றுக்கொன்று முரணான களக்குறிப்புகளைத் தந்து, அவற்றிலிருந்து நாளாந்த நிலவர அறிக்கையொன்றைத் தயாரிக்கச் சொன்னார்கள். கால்நடைக் கொள்ளை ஒன்றில் இறந்தவர்களின் தொகையை ஊர்த் தலைவர் ஒருவிதமாகவும் வைத்தியசாலை வேறுவிதமாகவும் கூறியிருக்க, இரண்டையும் சொன்னவர் யார் என்பதோடு பதிந்து, "உறுதிசெய்யப்படவில்லை" என்று குறித்தேன். கண்ணிவெடி அகற்றிய காணிகளைப் பற்றி எழுதுகையில் நாங்கள் இங்கே செய்துவந்ததும் இதுவே. ஒரு வரி பிழைத்தால் ஒரு பிள்ளையின் கால் போய்விடும் என்பதை வன்னியில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

எதிர்பாராதது, தென் சூடான் செல்லத் தேவையான மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதன் சான்றிதழ் ஊசி போட்டு 10 நாள்களின் பின்னரே செல்லுபடியாகும் என்பதால், ஊசி போடுவதற்கான கொழும்புப் பயணத்தை முன்கூட்டியே ஒழுங்குசெய்யுங்கள். தொண்டர் பணி என்பதால் சம்பளம் கிடையாது, மாதாந்த வாழ்க்கைப்படி உண்டு.