மாஸ்டர் கிட்டாரோடு மேடை ஏறிய ராத்திரி: உங்களுக்கும் ஏதாவது நடந்திருக்கிறதா?

மஸ்கெலியா மழை:
மாஸ்டரைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், அறிமுகம் வேண்டாம். சொந்தமாகக் கட்டிப் பாடுகிறவர். முதலில் எதிர்ப்பாட்டான லாவணி, அப்புறம் ஆட்டப் பாட்டான பைலா, இப்போது பையன்களோடு ராப்.

போர் முடிந்ததற்கு அடுத்த மாசி. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து, மன்மதனை எரிக்கிற நாள். கம்பத்துக்குப் பக்கத்தில் மேடை, ஜெனரேட்டர் இரைச்சல், ஆளை ஆள் தெரியாத பனி மூட்டம். ரதி புலம்பலுக்குத் தப்பு, அதுதான் பறை, சத்தம் எழும் என்று நிற்கிறோம், மாஸ்டர் சிவப்புக் கிட்டாரோடு ஏறிப் பாட ஆரம்பிக்கிறார். மன்மதன் எரிந்த சாம்பல்கூட ஆறவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், "தப்பை எடுங்க மாஸ்டர், இது என்ன கல்யாண வீடா?" என்று கத்திவிட்டேன். பின்னால் நின்றவர்கள் விசில் அடித்தார்கள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பி மீட்டும் பிக்கை உதட்டில் கவ்விக்கொண்டு குனிந்து, ஆம்ப் திருகைக் குறைத்தார். நிமிர்ந்து, எச்சில் பட்ட பிக்கைச் சாரத்தில் துடைத்துவிட்டு, விட்ட அடியிலிருந்தே பாடினார். நான் நிற்காமல் லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு, போய்விட்டேன். பாட்டு மறந்துவிட்டது, அந்தத் துடைத்த கை மறக்கவில்லை.

அப்புத்தளைக்காரி:
என்னுடையது ரயிலில். அவர் பைலா பேண்டோடு சுற்றிய காலம். நானுஓயாவில் ஏறி எங்கள் எதிரே உட்கார்ந்தார். அம்மாவுக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும், தோட்டத்தில் ஒரே டிவிசன். ரொட்டியும் கட்டச்சம்பலும் பிரித்து அவருக்கும் கொடுத்தார். பட்டிப்பொல தாண்டி (1891 மீட்டர், இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன்) சுரங்கத்துக்குள் போனதும் பெட்டி முழுக்க ஊளை. அந்தச் சத்தத்தோடு சத்தமாக அம்மா கேட்டுவிட்டார்: "ஏன்டா தம்பி, கூத்தை வித்துத் தின்னுட்டியா?"

ரயில் வெளியே வந்தது. ஒஹிய பக்கம் பனியே இல்லை, பளிச்சென்று வெயில். அவர் கையில் பாதி ரொட்டி. "கூத்துக்கு எவன்க்கா பேர் போட்டான்?" என்றார். அவ்வளவுதான். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் முழுச் சம்பளம் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் அப்போது பதினெட்டுக் கிலோ கொழுந்துக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர், அதற்குப் பதில் சொல்லவில்லை. மீதி ரொட்டியை அவர் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அப்போது சிரித்தேன். அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

கண்டி கணக்கப்பிள்ளை:
நான் அவரை ஒரே ஒரு தடவை பேராதனைச் சந்தியில் பார்த்திருக்கிறேன், பஸ்ஸுக்கு நின்றார், வணக்கம் சொன்னேன், சிரித்தார். அவ்வளவே. ஆனால் மஸ்கெலியா அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கத்தியது புதிதில்லை. 1965 ஜூலை 25, அமெரிக்காவில் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா. நாட்டுப்பாடல் பாடகர் பாப் டிலான் மின்கிட்டாரோடு ஏறி மூன்றே பாட்டுப் பாடினார், கூட்டம் கூச்சல் போட்டது. மின்கிட்டாருக்கா, மோசமான ஒலிக்கா என்று இன்றைக்கும் சண்டை. பிறகு சாதாரணக் கிட்டாரோடு திரும்பி வந்து இரண்டு பாட்டுப் பாடினார். இங்கிலாந்துப் பொப் பாடகர் கேட் ஸ்டீவன்ஸ் 1977இல் இஸ்லாத்துக்கு மாறினார், 1979இல் கிட்டார்களை ஏலத்தில் விட்டார், 2006இல் மறுபடி பொப் ஆல்பத்தோடு வந்தார். நம் நாட்டில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பொப் பாடியபோதும் முகம் சுளித்தவர்கள் உண்டு.

இன்னொன்று: மாஸ்டர் பாட்டு வகையை மாற்றவே இல்லை என்பேன். பைலாவும் ஆறு தட்டு, நம் தப்பின் திஸ்ர அடியும் மூன்று மூன்றாகத்தான் போகிறது. தொடையில் தட்டிப் பாருங்கள்.

பாட்டுக் கட்டும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. எழுதியதைத் தேதி போட்டு வையுங்கள், போனில் பாடிப் பதியுங்கள், இன்னொருவருக்கு அனுப்பி வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமைக்குப் பதிவே வேண்டாம், பாட்டு பிறந்ததுமே உரிமையும் பிறக்கிறது, ஆசிரியர் இறந்து 70 வருஷம் வரை இருக்கும். ஆனால் எழுதியது நீங்கள் என்று காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும். பேண்டில் சேரும்போது யார் பாட்டு, யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள்.

பதுளை வெள்ளி:
யாரும் கேட்காத சட்ட வகுப்பு, நன்றி ஐயா. பைலா கரையோரத்துச் சரக்கு. போர்த்துக்கேயர் காலத்து ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்தது, 1940களில் வொலி பஸ்தியன்ஸ் அதைச் சிங்களத்தில் பரப்பினார். தட்டு ஆறாக இருந்தால் எல்லாம் ஒன்றா? தப்பு சாவுக்கும் அடிப்பது, சாமிக்கும் அடிப்பது. பைலாவுக்கு யாராவது அழுது பார்த்திருக்கிறீர்களா? சத்தம் போட்டவர் போட்டது சரி.

கொட்டகலைச் சின்னவன்:
மஸ்கெலியா அண்ணே, அந்த ராத்திரி நான் மேடைக்குப் பின்னால் இருந்தேன். பன்னிரண்டு வயது. தோலை நெருப்பில் காட்டித் தப்புக் காய்ச்சுகிற வேலை என்னுடையது.

பகல் முழுக்க மழை. விறகு நனைந்து கிடந்தது, வெறும் புகை. வைக்கோல் கேட்டு மூன்று லயம் ஓடினேன், கிடைக்கவில்லை. தோல் ஈரத்தில் தொய்ந்து, தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி சத்தம். மாஸ்டர் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார், சாக்கில் சுற்றி வைக்கச் சொன்னார். பேண்ட் பையனின் கிட்டாரை வாங்கினார். அதுவும் லேசில் சேரவில்லை. குளிருக்குக் கம்பி இறுகிச் சுருதி மேலே போய்விடும், தோலோ கீழே இறங்கும். ஒரே பனிதான், ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். முறுக்காணியைத் திருகித் திருகி அவர் விரல் சிவந்துவிட்டது.

அதற்காக விறகு காய்ந்திருந்தால் தப்புத்தான் எடுத்திருப்பார் என்றும் சொல்ல மாட்டேன். ரதி புலம்பலைக் கிட்டாரில் பழகுவதை அதற்கு முன்பே பிரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், கேட்டிருக்கிறேன்.

2021 மார்ச்சில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபா வந்ததே, அடிப்படை 900, படி 100, கூடவே பல தோட்டத்தில் எடுக்க வேண்டிய கொழுந்துக் கிலோவையும் ஏற்றினார்களே, அதை வைத்து நாங்கள் ராப் கட்டினோம். பீட் போனில் செய்தது. மாஸ்டர் கேட்டுவிட்டு, "இடையில ஒரு இடம் வெறுமையா விடு" என்றார். விட்டோம். அதில் தப்பு அடித்தார். பதுளை அக்கா, அதற்கு என் பாட்டி அழுதார்.

அந்த ராத்திரி கத்தியவரைத் தேடிக் கல்லோடு கொஞ்ச நேரம் சுற்றினேன். ஆள் கிடைக்கவில்லை.

மஸ்கெலியா மழை:
பச்சை ஸ்வெட்டர், தம்பி. மூன்றாவது லயம். வைக்கோல் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருந்தது.