புது அடுப்படிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

மதுரைக்காரி:

வணக்கம். எங்கள் வீடு 1996-இல் கட்டியது. அடுப்படி பத்துக்கு எட்டு, எல் வடிவ மேடை. மேடைக்கு அடியில் கதவில்லாத கடப்பாக்கல் தட்டுகள்; திரை போட்டு மறைத்து வைத்திருக்கிறேன். திரையைத் துவைத்துத் துவைத்தே அலுத்துவிட்டது. மாற்றலாம் என்று மூன்று இடத்தில் எஸ்டிமேட் வாங்கினோம். தெரிந்த ஆசாரி 1,60,000 சொன்னார். பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் 2,90,000. ஷோரூமில் கம்ப்யூட்டரில் படமெல்லாம் போட்டுக் காட்டிவிட்டு 4,80,000. அதே அறை, அதே அளவு!

வீட்டுக்காரர் இன்னும் கொஞ்ச வருஷத்தில் ரிட்டயர் ஆகிறார். "உனக்குப் பிடிச்ச மாதிரி செஞ்சுக்கோ, பி.எஃப். பணத்துல மட்டும் கை வைக்காதே" என்கிறார். நீங்களெல்லாம் எப்படி ஒரு தொகைக்கு வந்தீர்கள்? எதற்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை?

திருச்சி ப்ளைவுட்:

அக்கா, நான் ப்ளைவுட் கடையில் நிற்கிறவன். தினமும் இந்த மூன்று எஸ்டிமேட் கதைதான். மூன்று தாளையும் பக்கம் பக்கமாக வையுங்கள். கீழே இருக்கும் மொத்தத் தொகையைக் கையால் மறைத்துக்கொண்டு, சதுர அடியை மட்டும் பாருங்கள். மூன்றிலும் மூன்று அளவு இருக்கும்.

ஒருத்தர் முன்பக்கத்தை மட்டும் அளப்பார். இன்னொருத்தர் பரணையும் சேர்ப்பார். உங்கள் மேடை இரண்டு பக்கமும் சேர்த்து 15 அடி என்று வையுங்கள். கீழ்ப்பகுதி இரண்டரை அடி உயரத்துக்கு சுமார் 38 சதுர அடி. மேலே சுவர் கப்போர்டு 12 அடி நீளம், 2 அடி உயரம் என்றால் 24. பரண் 15 அடிக்கு 2 அடி, 30. மொத்தம் 92. சதுர அடி 1,500 ரூபாய் என்றால் 1,38,000 வந்துவிடும். இதில் மூன்றில் ஒரு பங்கு பரண்தான். ஆனால் பரணுக்கு ஏற்கெனவே காங்கிரீட் தட்டு இருக்கிறது, பெட்டி வேண்டாம், சட்டமும் கதவும் போதும். அதற்கும் பெட்டி ரேட்டே போட்டிருந்தால் 45,000. கதவு ரேட் 700 என்று தனியாகப் பேசினால் 21,000. "லாஃப்ட்டுக்கு என்ன ரேட் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் மாறும்.

அடுத்தது பலகை. கடையில் எல்லாமே வாட்டர் ப்ரூஃப்தான், யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டியது பி.டபிள்யூ.பி. கிரேடு, அதாவது கொதிநீரையும் தாங்குவது; அதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 710. கொதிநீரில் 72 மணி நேரம் போட்டும் பசை விடக் கூடாது என்பது அதற்கான சோதனை. ஷீட்டிலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல் என்று ஆரம்பிக்கும் லைசென்ஸ் எண்ணும் அச்சாகியிருக்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர் வரும். ஆசாரிகள் சில பேருக்கு இது பிடிக்காது, பரவாயில்லை.

எல்லா இடத்துக்கும் 710 தேவையில்லை. சிங்க்குக் கீழே, மேடைக்குக் கீழே கட்டாயம். சுவர் கப்போர்டுக்கு அதைவிடக் குறைந்த கிரேடு போதும். கீழ்ப்பகுதிக்கு எட்டுக்கு நாலு ஷீட் ஆறேழு பிடிக்கும். கமர்ஷியல் என்கிற சாதா ப்ளைவுட்டுக்கும் 710-க்கும் சதுர அடிக்கு 40 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தாலும் 9,000 ரூபாய்க்குள்தான். லட்சக்கணக்கில் செலவழிக்கும் இடத்தில் இந்த ஒன்பதாயிரத்தைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள், அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஷோரூம் விலை ஏறுவது பெரும்பாலும் இழுப்பறையில். இழுப்பறை ஓடும் தண்டவாளம், அதாவது சாதா டெலஸ்கோப்பிக் சேனல், ஜோடி சில நூறு ரூபாய். தானாக மெதுவாக மூடிக்கொள்ளும் பெட்டி வகை, ஹெட்டிச், ப்ளம், எப்கோ மாதிரி கம்பெனிகளுடையது, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். அப்படிப் பத்து இழுப்பறை போட்டிருந்தால் அங்கேயே 45,000 போயிருக்கும். கடைசியாக, 2,90,000 என்பது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? 18 சதவீதம் என்றால் இன்னொரு 52,200.

பள்ளிக்கரணை தரைத்தளம்:

எங்கள் கதை வேறு. ஃப்ளாட் வாங்கும்போதே பில்டர் மாடுலர் கிச்சன் போட்டுக் கொடுத்திருந்தார். மூன்று லட்சம் மதிப்பு என்று அப்போது சொன்னார்கள். பளபளவென்றுதான் இருந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் உள்ளே வந்து முழங்காலுக்கு மேல் நின்றது. வடியவே சில நாட்கள் ஆயிற்று. வடிந்தபின் பார்த்தால் கதவுகள் உப்பி மூடவே மாட்டேன் என்கின்றன. சிங்க்குக் கீழே இருந்த பெட்டியைத் தூக்கினேன், அடிப்பலகை கையோடு வரவில்லை, நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. உள்ளே பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. மேலே ஒட்டிய மைக்கா மட்டும் புதுசாகவே இருந்தது, அதைப் பார்க்கத்தான் எரிச்சல்.

மறுபடி செய்யும்போது நானும் என் தம்பியும் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டோம்: அடுத்த தடவை தண்ணீர் வந்தால் எவ்வளவு போனால் தாங்குவோம்? நாற்பதாயிரம் என்று முடிவாயிற்று. அப்படியென்றால் மேடைக்குக் கீழே நாற்பதாயிரத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. செங்கல் திண்டு கட்டி, கடப்பாக்கல்லை நிறுத்தித் தடுப்பு, அலுமினிய ஃப்ரேம் கதவு, உள்ளே ஸ்டெயின்லெஸ் கம்பிக் கூடை. கதவைக் கீலோடு கழற்றி எடுத்து மாடியில் வைக்கலாம். மேலே சுவர் கப்போர்டு மட்டும் 710 ப்ளைவுட். ப்ளக் பாயின்ட் எல்லாவற்றையும் நாலடிக்கு மேல் ஏற்றிவிட்டோம். எலக்ட்ரீஷியன் சிரித்தார், சிரிக்கட்டும். எல்லாம் சேர்த்து 1,35,000 ஆயிற்று.

பார்க்க அந்தப் பழைய கிச்சன் போல இல்லைதான். வந்தவர்கள் யாரும் போட்டோ எடுப்பதில்லை. மழை எச்சரிக்கை வந்தால் ஸ்க்ரூ டிரைவர் எடுக்கிறேன், அவ்வளவுதான்.

குமரி அடுக்களை:

எங்களுக்கு 40,000-தான் ஆச்சு. அதுவும் கடப்பாக்கல் தட்டு ஏற்கெனவே உண்டும், கதவு மட்டும் போட்டோம். மதுரை அக்கா, உங்களிடமும் கல் இருக்கே, அதை ஏன் உடைக்கணும்? கல்லைக் கரையான் திங்காது.

குரோம்பேட்டை டிபன்:

எல்லோரும் குறைக்கச் சொல்கிறீர்கள், நான் ஒருத்தி எதிர்ப்பக்கம் பேசுகிறேன். நான் 5,20,000 செலவழித்தேன். காலை நாலரைக்கு எழுந்து ஆர்டர் டிபன் செய்கிறவள் நான். முட்டி தேய்மானம், குனிய முடியாது. மேடைக்குக் கீழே கதவே வைக்கவில்லை, அத்தனையும் இழுப்பறை. இழுத்தால் கடைசிப் பாத்திரம் வரை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். திருச்சித் தம்பி சொன்ன அந்த ஆயிரக்கணக்கான ரூபாய்ப் பெட்டி ஒவ்வொன்றும் எனக்கு ஒரு தடவை குனிவதை மிச்சப்படுத்துகிறது. வருமானம் வரும் அடுப்படி என்பதால் எனக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகிறது. இரண்டு பேருக்கு சமைக்கும் வீட்டுக்கு இது தேவையா என்றால் தேவையில்லை என்றுதான் சொல்வேன்.

ஆனால் கல்லில் ஏமாறவில்லை. ஷோரூம் பையன் வெள்ளை குவார்ட்ஸைக் காட்டி, "மேடம், இப்ப எல்லாரும் இதான் போடுறாங்க" என்றான். அது கல்தூளைப் பிசினோடு சேர்த்துச் செய்வது. சூட்டோடு இட்லிக் குண்டானை இறக்கி வைத்தால் தாங்காது, வெள்ளையில் மஞ்சள் கறை வேறு. "உங்க வீட்டு மேடையில என்ன கல்லுப்பா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கறுப்பு கிரானைட்தான் மேடம்" என்றான். எனக்கும் அதையே போடச் சொல்லிவிட்டேன். நல்ல பையன், பொய் சொல்லவில்லை.

மேடையை வெட்டிப் பதிக்கும் ஹாப் அடுப்பும் வேண்டாம் என்றேன். அது ரிப்பேராகிப் புதுசு வாங்கும்போது அதே வெட்டு அளவுக்குத் தேட வேண்டும். சாதா கேஸ் ஸ்டவ் என்றால் எந்தக் கடையிலும் தூக்கிக்கொண்டு வரலாம்.

சரவணம்பட்டி வீட்டுக்காரர்:

வாடகை வீட்டுக்குப் போடுகிறவர்களுக்காக ஒரு வார்த்தைங்க. ஐ.டி. பசங்க நிறையப் பேர் வருகிற ஏரியா. மாடுலர் கிச்சன் போட்டால் மாசம் 2,000 கூடக் கிடைக்கும் என்று புரோக்கர் சொன்னார். எஸ்டிமேட் 2,20,000. வருஷத்துக்கு 24,000 என்றால் போட்ட காசு திரும்ப ஒன்பது வருஷம் ஆகுமுங்க. அதற்குள் எத்தனை குடும்பம் மாறும், எத்தனை கீல் உடையும்?

அதனால் கிரானைட், நல்ல சிங்க், கீழே கதவு, சிம்னிக்குச் சுவரில் ஓட்டை, மிக்சி கிரைண்டருக்கு 16 ஆம்ப் ப்ளக். இதோடு நிறுத்தினேன். 70,000 ஆயிற்று, வாடகை 1,500 ஏறியது. நாலு வருஷத்துக்குள் எடுத்துவிடலாம். சிம்னியே வாங்கி மாட்டவில்லை. ஓட்டை இருக்கிறது, வேண்டியவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள், போகும்போது கழற்றிக்கொண்டும் போகிறார்கள்.

ஈரோடு:

கடன் பற்றி யாரும் பேசவில்லையே. என்னையும் ஒரு ஷோரூமில் உட்கார வைத்து, "நாலு லட்சம்னு ஏன் சார் பார்க்கறீங்க, மாசம் 8,900-ன்னு பாருங்க" என்றார்கள். 12 சதவீத வட்டி, 5 வருஷம். போனில் கால்குலேட்டரைத் திறந்து அவர் முன்னாலேயே 60-ஆல் பெருக்கினேன். 5,34,000. வட்டி மட்டும் 1,34,000, அதாவது மதுரைச் சகோதரியின் ஆசாரி கேட்டதற்குக் கொஞ்சம்தான் கம்மி. "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன். கையில் இருந்ததை வைத்து அந்த வருஷம் மேடையும் கீழ்ப்பகுதியும், அடுத்த போனஸில் மேல் கப்போர்டு. நடுவில் சுவர் மொட்டையாகத்தான் நின்றது. சமையல் ருசியில் குறை ஒன்றும் வரவில்லை.

மதுரைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. எஸ்டிமேட்டுகளைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தேன். தம்பி சொன்னது அப்படியே! கடைக்காரர் பரணுக்கும் பெட்டி ரேட்தான் போட்டிருக்கிறார். ஷோரூம் தாளில் பதினோரு இழுப்பறை. என்னிடம் பதினோரு இழுப்பறையில் வைக்க என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்கிறார், எனக்கும் பதில் தெரியவில்லை.

2,00,000-க்கு மேல் போவதில்லை என்று பேசி முடித்தோம். கடப்பாக்கல் அப்படியே இருக்கும், கதவு மட்டும். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று இழுப்பறை, அது நல்லதாக. மேல் கப்போர்டை ஆசாரியே செய்கிறார், ஷீட்டை நாங்களே வாங்கிக் கொடுக்கிறோம். சிங்க்கைத் தென்கிழக்கிலிருந்து நகர்த்தச் சொல்லி வாஸ்துக்காரர் ஒருவர் வந்தார். குழாய், டிரெயினேஜ் எல்லாம் உடைத்து மாற்ற ஆகும் தொகையைக் கேட்டதும் மாமியாரே வேண்டாம் என்றுவிட்டார்!

ஒரு சந்தேகம். சிங்க் கடையில் காந்தத்தை ஒட்டிக் காட்டி, "பாருங்க, ஒட்டலை, 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்கிறார்கள். நம்பலாமா?

திருச்சி ப்ளைவுட்:

காந்தத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது, அக்கா. 304-லும் காந்தம் பொதுவாக ஒட்டாது, விலை குறைந்த 202-லும் ஒட்டாது. 304-இல் நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும், 202-இல் அதைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். உப்பும் புளியும் படுகிற இடத்தில் 202 சீக்கிரம் புள்ளி விட ஆரம்பிக்கும். பில்லில் கிரேடை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத யோசித்தால் வேறு கடை பாருங்கள். கடைக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் பெரிய இட்லிக் குண்டானின் வாய் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். முக்கால்வாசிப் பேர் சிங்க்கை மேடை அளவுக்குத்தான் வாங்குகிறார்கள், அப்புறம் குண்டானைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போய்க் கழுவுகிறார்கள்.