அவசர உதவி: புது செதில் பூச்சி, ஸ்லைடு வெளுத்துவிட்டது

கிண்டி_மாணவி
நண்பர்களே, அவசரம். மரப்பட்டை வெடிப்புக்குள் ஒரு செதில் பூச்சி கிடைத்தது. புது இனம் என்றே நினைக்கிறேன், எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. நுண்ணோக்கியில் பார்க்க, கனடா பால்சத்தில் (பூச்சியைக் கண்ணாடியில் பதிக்கும் தெளிவான பிசின்) ஸ்லைடு போட்டேன். காலையில் பார்த்தால் பால் ஊற்றினது போல வெள்ளை. இனம் கண்டுபிடிக்கப் பார்க்கும் துளை, முடி எதுவும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். என்ன செய்ய?

வேளச்சேரி_வண்டு
என்ன மரம்? எத்தனை பூச்சி எடுத்தீர்கள்? எதில் போட்டு வைத்தீர்கள்?

மாடித்தோட்டக்காரர்
மாவுப்பூச்சிதான். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். அடியுங்கள், போய்விடும்.

வேளச்சேரி_வண்டு
அண்ணே, அவர் கொல்லக் கேட்கவில்லை. பெயர் வைக்கக் கேட்கிறார்.

கொம்பரக்கு
தூங்குமூஞ்சி மரமா? அப்படியென்றால் அரக்குப் பூச்சிதான், பந்தயம். மேல் ஓட்டில் ஒரு துண்டை ஆல்கஹாலில் போடுங்கள். கரைந்து சிவந்தால் அரக்கு.

பழைய_லென்ஸ்
ஸ்லைடு போடத் தெரியுமுன்னே புது இனம் அறிவிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அம்மணி, முதலில் அது முதிர்ந்த பெண்ணா என்று பாருங்கள். இந்தக் கூட்டத்தில் இனம் பிரிப்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான். முதிர்ந்த ஆணுக்குத் தின்ன வாயே கிடையாது, பெரும்பாலும் சிறகு இருக்கும். பார்த்தால் வேறு பூச்சி என்பீர்கள். உள்சதையைக் கரைக்கப் பொட்டாஷில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? அதற்கப்புறம் என்னென்ன படி? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

அடையாறு_ஈரம்
கோபம் எதற்கு சார். நம்ம ஊர்க் காற்றுதான் காரணம். அப்சல்யூட் ஆல்கஹால், அதாவது தண்ணீர் கலக்காத ஆல்கஹால், பாட்டிலைத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசியில் கேட்கவே வேண்டாம். துளி தண்ணீர் மிச்சமிருந்தாலும் பால்சம் வெளுக்கும்.

கொம்பரக்கு
அது இருக்கட்டும், புது இனமாக இருந்தால் 'சென்னையென்சிஸ்' என்று வையுங்கள்.

பழைய_லென்ஸ்
முசுமுசுக்கைக் கொடியின் அறிவியல் பெயரில் லின்னேயஸ் 1753இல் மெட்ராஸ் பெயரைத்தான் வைத்தார். நம்ம ஊர் வாலாட்டிக் குருவிக்கும் அதே பெயர்தான். ஊர்ப் பெயர் 1996இல் மாறியது, குருவிக்கு மாறவில்லை.

கொம்பரக்கு
பழசுக்கு மாற்றச் சொன்னேனா? புதுசுக்குப் புதுப் பெயர் வைப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

மாடித்தோட்டக்காரர்
தன் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?

பழைய_லென்ஸ்
விதி தடுக்கவில்லை. ஊர் சிரிக்கும்.

கிண்டி_மாணவி
மன்னிக்கவும், லேபில் இருந்தேன். பூவரசு. மொத்தம் மூன்றுதான் எடுத்தேன். ஒரு வாரமாக ஆல்கஹாலில் கிடக்கிறது, கரையவும் இல்லை, சிவக்கவும் இல்லை. பொட்டாஷ் 10 சதவீதம், சாயம், 70 சதவீத ஆல்கஹால், சைலீன், பால்சம்.

வேளச்சேரி_வண்டு
நடுவில் அப்சல்யூட் இல்லாமல் 70லிருந்து நேராக சைலீனா! அங்கேதான் தண்ணீர் தங்கிவிட்டது. காற்றின் மேல் பழி போட வேண்டாம். ஸ்லைடை சைலீனில் ஊறப்போடுங்கள், மேல் கண்ணாடி தானாக நழுவட்டும், நெம்பாதீர்கள். பூச்சியைப் புது பாட்டில் அப்சல்யூட்டில் இரண்டு முறை மாற்றி, கிராம்புத் தைலத்தில் வைத்து, மறுபடி பால்சம். மீதி இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

அடையாறு_ஈரம்
புது பாட்டில் என்று நீங்களே சொல்கிறீர்களே. அதைத்தான் நானும் சொன்னேன்.

கிண்டி_மாணவி
தெளிந்துவிட்டது, நன்றி வண்டு அண்ணா. பழைய லென்ஸ் சார் கேட்டதும் சரிதான். பிறப்புறுப்புத் திறப்பு இல்லை, அதாவது முதிராத குஞ்சு. முதிர்ந்த பெண்ணைத் தேடி நாளைக் காலை மறுபடி பூவரசுக்குப் போகிறேன்.