ஆர்.எஃப்.பி.க்கு முன்மொழிவு எழுதும்போது எங்கிருந்து தொடங்க வேண்டும்?

அம்பத்தூர்_மென்பொருள்:
அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறோம். இதுவரை கிடைத்த வேலைகள் எல்லாம் தெரிந்தவர்கள் மூலமாக வந்தவை என்பதால், ஒரு பக்கக் கொட்டேஷனிலேயே பேச்சு முடிந்துவிடும். இப்போது ஒரகடத்தில் உள்ள வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று, தன் கிடங்கின் சரக்குக் கணக்கைக் கையாளும் மென்பொருளுக்காக முறைப்படி ஆர்.எஃப்.பி. (தேவைகளைப் பட்டியலிட்டு முன்மொழிவு கேட்கும் ஆவணம்) அனுப்பியிருக்கிறது. நிறுவன அறிமுகக் கோப்பை முன்னால் வைத்து, கடைசியில் விலையைச் சேர்த்து அனுப்பினால் போதும் என்கிறார் என் பங்குதாரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலும், 'தற்போதுள்ள அமைப்புடன் இணைக்க வேண்டும்' என்று இருக்கிறதே தவிர, அது எந்த அமைப்பு என்ற விவரம் எங்கும் இல்லை. இதைக் கேட்டால் அனுபவம் இல்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கமும் உண்டு.

டெண்டர்_மேசை:
தயங்காமல் கேளுங்கள். இணைக்க வேண்டியது டேலி என்ற கணக்கு மென்பொருளா, எஸ்.ஏ.பி. என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளா என்பது தெரியாமல் நீங்கள் எழுதும் எந்த விலையும் ஊகம்தான். கேள்விகளை அனுப்புவதற்கு ஆர்.எஃப்.பி.யிலேயே ஒரு கடைசித் தேதி இருக்கும். அதற்குள், பத்தி எண்ணைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேளுங்கள். பதில்கள் பெரும்பாலும் போட்டியில் உள்ள எல்லோருக்கும் அனுப்பப்படும் என்பதால், உங்கள் தனி உத்தியைக் காட்டிக்கொடுக்கும் கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அறிமுகக் கோப்பை முன்னால் வைப்பது எனக்கும் உடன்பாடில்லை. முதலில் ஆர்.எஃப்.பி.யில், முன்மொழிவுகளை எப்படி மதிப்பிடுவார்கள் என்று காட்டும் மதிப்பெண் அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். எதற்கு அதிக மதிப்பெண்ணோ அதற்கே அதிகப் பக்கங்களை ஒதுக்க வேண்டும். பிறகு அவர்கள் கேட்ட ஒவ்வொரு தேவையையும் அவர்கள் இட்ட எண்ணோடும் வரிசையோடும் ஓர் அட்டவணையில் இறக்கி, எதிரே 'இப்போதே உள்ளது', 'மாற்றி அமைத்துத் தருவோம்', 'இயலாது' என்று ஒளிவுமறைவின்றிக் குறியுங்கள். மதிப்பிடுபவர் பல முன்மொழிவுகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர். 4.3 என்று எண்ணிட்ட தேவைக்கான பதிலைத் தேடி அலைய வேண்டியிருந்தால், பதில் இல்லை என்று எண்ணி அடுத்ததற்குப் போய்விடுவார்.

பதிலின் நடையையும் கவனியுங்கள். 'எளிமையும் நம்பகத்தன்மையும் கொண்ட மென்பொருள்' என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'கிடங்கில் வைஃபை துண்டிக்கப்பட்டாலும், ஸ்கேன் செய்த பதிவுகள் கைக்கருவியிலேயே சேமிக்கப்பட்டு, இணைப்பு திரும்பியதும் சர்வருக்குச் செல்லும். இதைச் செயல்விளக்கத்தில் காட்டுகிறோம்' என்று எழுதினால், கிடங்கு மேலாளர் அந்த வரியில் நின்று படிப்பார். அதுபோல, பழைய சரக்குப் பட்டியலைச் சரிபார்த்துத் தருவது யார் பொறுப்பு என்பதையும், விலையில் அடங்காதவை எவை என்பதையும் தனித் தலைப்பில் எழுதிவிடுங்கள். பின்னால் வரும் தகராறுகளில் பாதி இங்கேதான் முளைக்கின்றன. விலைப் பக்கத்தில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டி, விலை எத்தனை நாள் செல்லும் என்றும் குறிப்பிடுங்கள். முதற்பக்கச் சுருக்கத்தைக் கடைசியில் எழுதுவதே நல்லது.

கோட்டை_ஒப்பந்ததாரர்:
மேலே சொன்னது தனியாருக்குப் பொருந்தும். நாளை அரசுத் துறைக்கு எழுத நேர்ந்தால் வேறு சில கட்டுப்பாடுகள் உண்டு. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் நடைமுறையில் உள்ளன. தொழில்நுட்பப் பதிலையும் விலையையும் தனித்தனி உறையில் தரும் இரு உறை முறையில், தொழில்நுட்ப உறைக்குள் விலை எங்கேனும் தலைகாட்டினால், உள்ளடக்கம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். தனியாரிடம் பேசித் தீர்க்கக்கூடிய குறை, அங்கே கோப்பையே மூடிவிடும்.

அம்பத்தூர்_மென்பொருள்:
இருவருக்கும் நன்றி. இணைப்பு குறித்த கேள்வியை இன்றே அனுப்புகிறேன். இன்னொரு சந்தேகம்: பில் கொடுத்து 90 நாளில் பணம் என்று அவர்கள் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். எங்களிடம் உதயம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறது. மறுத்து எழுதினால் வாய்ப்பு போய்விடுமா?

டெண்டர்_மேசை:
மறுப்பாக எழுத வேண்டாம். நிபந்தனைகளுக்கான பதிலில் மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. தாமதமானால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இதைவிட அவர்களின் கணக்குப் பிரிவுக்கு உறைக்கக்கூடியது வேறொன்று: 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, கெடு தாண்டிய தொகையை உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். ஆகவே சட்டத்தைக் காட்டி மிரட்டுவது போலில்லாமல், 'நாங்கள் உதயம் பதிவு பெற்ற சிறு நிறுவனம். பதிவுச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. எனவே 45 நாளுக்குள் தொகை வழங்கக் கோருகிறோம்' என்று எழுதிச் சான்றின் நகலைச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் குறு நிறுவனமாக இருந்தால் அந்தச் சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்.